தட்டுக்குள் யார்?

அன்புள்ள ஐயா,

பழைய அமெரிக்க விண்வெளித் தொடரான 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்' பார்த்தேன். இயந்திர வரைபடம் போடுவது என் பிழைப்பு. கை சும்மா இருக்காமல் அதில் வரும் தட்டு வடிவ விண்கலமான ஜூபிடர் 2-வையும் வரைந்து பார்த்தேன். உள்ளே காட்டும் இரண்டு தளங்களும் அந்தத் தட்டுக்குள் எப்படியும் அடங்கவில்லை. இவ்வளவு அலட்சியமாகவா வடிவமைத்தார்கள்? பறக்கும் தட்டைப் படமெடுத்ததாகச் சொல்லிக்கொண்ட அமெரிக்கர் ஆடம்ஸ்கியின் புகைப்படங்களைப் பார்த்துத்தான் அக்காலத் தொடர்களில் பறக்கும் தட்டு செய்தார்களா? இன்றைய கிராபிக்ஸோடு வைத்துப் பார்த்தால் எல்லாம் அட்டைப்பெட்டி வேலை போலத்தானே இருக்கிறது?

எஸ்., ஓசூர்

அன்புள்ள எஸ்.,

உட்கார்ந்து வரைந்து பார்த்தீர்களே, அதற்காகவே உங்களைப் பிடித்துப்போயிற்று. அடங்காதுதான். சேனலுக்குக் காட்ட எடுத்த முதல் படத்தில் அந்தக் கலத்தின் பெயர் ஜெமினி 12, அதற்கு ஒரே தளம். தொடர் உறுதியானதும் டாக்டர் ஸ்மித் என்ற பாத்திரமும் ரோபோவும் வந்து சேர்ந்தார்கள். புழங்க இடம் வேண்டுமென்று கீழே ஒரு தளத்தையும் சேர்த்தார்கள். வெளிக்கூடு அதற்கேற்ப வளரவில்லை, அவ்வளவுதான்.

1967-ல் தொடங்கிய 'தி இன்வேடர்ஸ்' தொடரின் தட்டில் ஆடம்ஸ்கி படங்களின் சாயல் உண்டு. அதற்குமேல் அந்த மனிதரைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமையில்லை.

ஆனால் அட்டைப்பெட்டி என்று எழுதிவிட்டீர்களே!

அத்தியாயத்துக்கு ஒரு தனிக்கதை சொல்லும் 'ட்விலைட் சோன்' என்ற அமெரிக்கத் தொடரில் 1961 ஜனவரியில் ஒரு அத்தியாயம் வந்தது. அதற்கும் 'தி இன்வேடர்ஸ்' என்றே பெயர், குழப்பிக்கொள்ளாதீர்கள். எழுதியவர் ரிச்சர்ட் மாத்திசன். ஒற்றை வீடு, தனியாக ஒரு கிழவி. கூரைமேல் ஒரு சின்னஞ்சிறு தட்டு வந்து இறங்குகிறது. அதிலிருந்து சின்னப் பொம்மைகள் போல இரண்டு உருவங்கள் இறங்கி அவளைப் படாதபாடு படுத்துகின்றன. கிழவியாக நடித்த அக்னஸ் மூர்ஹெட் அதில் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

ஆங்கிலம் தெரியாத என் அம்மா அதை முழுக்கப் பார்த்ததற்கு அதுதான் காரணம். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் அரிவாள்மனையை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். கிழவி கோடாலியை ஓங்கியதும் "போடு!" என்று கத்தினாள். தட்டு நொறுங்குகிறது. கேமரா அதன் பக்கவாட்டுக்குப் போகிறது. அமெரிக்க விமானப்படை என்று எழுதியிருக்கிறது. வந்தவர்கள் மனிதர்கள், கிழவிதான் வேற்றுக்கிரக ராட்சசி. அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். "மனுஷனா இருந்தா மட்டும்? கேக்காம வீட்டுக்குள்ள பூந்தா வெட்டத்தான் செய்வா" என்று சொல்லிவிட்டு பீன்ஸுக்குத் திரும்பினாள்.

அந்தத் தட்டு புதிதாகச் செய்ததல்ல. 1956-ல் 'ஃபர்பிடன் பிளானட்' படத்துக்காக எம்.ஜி.எம். ஸ்டூடியோ செய்த சி-57டி என்ற கலம். ட்விலைட் சோன் அதே ஸ்டூடியோவில்தான் படமானது, கிடங்கில் கிடந்ததை எடுத்துக்கொண்டார்கள். கஞ்சத்தனம் என்பீர்கள். அந்த இடத்தில் ஒரு ராக்கெட்டை நிறுத்திப் பாருங்கள். கூர்மூக்கைக் கண்டதுமே நம்மாள் என்று தெரிந்து கதை செத்துப்போகும். தட்டுக்கு முன்பின் கிடையாது, மூக்கு கிடையாது. உள்ளே இருப்பது யாரென்று கடைசிவரை வாய் திறக்காது. தட்டு வந்தால் அந்நியன் வருகிறான் என்று ஏற்கெனவே நம்பப் பழகியிருந்த ரசிகனை, அந்த நம்பிக்கையை வைத்தே கவிழ்த்தார்கள். வடிவமைப்பு என்றால் இதுதான், தம்பி. இன்றைய கிராபிக்ஸ் ஒவ்வொரு ஆணியையும் காட்டுகிறது. யாருடைய கலம் என்பதையும் முதல் நொடியிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் படத்தில் சி-57டி-யில் போனவர்களும் நம் ஆட்கள்தான், மனிதர்கள். நீங்கள் அளந்த ஜூபிடர் 2-விலும் ஒரு குடும்பம், அப்பா அம்மா பிள்ளைகளோடு. போய் இறங்கிய இடத்திலெல்லாம் அவர்கள்தானே வேற்றுக்கிரகவாசிகள்? இரண்டு தளத்தை அளந்த உங்களுக்கு இது ஏன் கண்ணில் படவில்லை?

1963-ல் வந்த 'டெத் ஷிப்' என்ற ட்விலைட் சோன் அத்தியாயத்தைத் தேடிப் பாருங்கள். அதுவும் மாத்திசன் கதை, அங்கேயும் அதே தட்டுதான். ஒரு கோளில் இறங்குகிற மூவர், விழுந்து கிடக்கும் இன்னொரு தட்டைப் பார்க்கிறார்கள். உள்ளே யார் என்று நான் சொல்லமாட்டேன். பார்த்துவிட்டு எழுதுங்கள்.