வாசகர் கேள்வி பதில்: ரிங்கைப் பெரிதாக்கினால் வேகம் கூடுமா?

கேள்வி: அண்ணா, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் கிராணியாக இருக்கிறேன். கணினி விவகாரமும் என் தலையில்தான். ஈப்போவில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் சர்வரில் இண்டெல் ஐ350 நெட்வொர்க் கார்டு, நான்கு போர்ட், உபுண்டு லினக்ஸ். கேமரா பதிவுகளை இன்னொரு பெட்டிக்கு அனுப்பும் நேரத்தில், லோரி எடை போடும் இடத்தில் திரை இழுத்துக்கொண்டே இருக்கிறது. டிரான்ஸ்மிட் ரிங் (அனுப்பக் காத்திருக்கும் தரவின் பட்டியல்) 256-இல் இருக்கிறது, 4096 வரை போகலாம் என்று ஈத்டூல் கட்டளை காட்டுகிறது. ஏற்றிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். ஏற்றவா? அப்புறம், இந்தக் கார்டுக்கு 8 வரிசை (கியூ, ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி ரிங்) என்று படித்தேன். எனக்கு 4தான் காட்டுகிறது. கார்டு பழுதா?

பதில்: ஏற்ற வேண்டாம் தம்பி. கார்டும் நன்றாகத்தான் இருக்கிறது.

ரிங் என்பது வட்டமாகச் சுழலும் சீட்டுப் பட்டியல். உங்கள் ஆலை வாசலில் லோரிக்குக் கொடுக்கும் துண்டுச் சீட்டு மாதிரிதான் அதில் உள்ள ஒவ்வொரு சீட்டும்; அதன் பெயர் டிஸ்கிரிப்டர். குலை லோரியில் இருக்கும். எந்த லோரி, எங்கே நிற்கிறது என்பது மட்டும் சீட்டில் இருக்கும். இண்டெல் கார்டில் அந்தச் சீட்டு 16 பைட். முதல் 8 பைட்டில், அனுப்ப வேண்டிய தரவு நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்ற முகவரி. மீதியில் நீளம், கட்டளைகள், 'முடிந்தது' என்று கார்டு குறிப்பதற்கு ஒரு பிட். டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், சீட்டை எழுதி, அடுத்த சீட்டு எங்கே எழுதப்படும் என்று காட்டும் வால் எண்ணை நகர்த்தும். கார்டு அதைப் படித்துத் தரவை இழுத்து அனுப்பிவிட்டு அந்தப் பிட்டைப் போடும். அதைப் பார்த்துத்தான் டிரைவர் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். தலையும் (கார்டு அடுத்துப் படிக்க வேண்டிய இடம்) வாலும் ஒரே இடத்தில் நின்றால் ரிங் காலி என்று பொருள், அதனால் ஓர் இடம் எப்போதும் விடப்படும். 256-இல் 255தான் உங்களுக்கு. ஒரு பாக்கெட்டுக்கு ஒரு சீட்டு என்றும் கணக்குப் போடாதீர்கள். தரவு துண்டு துண்டாக இருந்தால் துண்டுக்கு ஒன்று போகும், செக்சம் (பிழை பார்க்கும் கூட்டெண்) போடும் வேலையைக் கார்டிடம் விட்டால் அதற்குத் தனியாக ஒன்று போகலாம்.

நினைவகம் பெரிய செலவில்லை. 256 சீட்டுக்கு 4096 பைட், சரியாக ஒரு பேஜ் (கணினி நினைவகத்தைப் பிரித்துக் கொடுக்கும் அலகு). 4096 ஆக்கினாலும் வரிசைக்கு 64 கிலோபைட்தான். அனுப்பும் பக்கத்தில் சீட்டுக்கு மட்டுமே முன்கூட்டி இடம் ஒதுக்குகிறார்கள்; தரவு வரும்போது அதன் முகவரியை எழுதிக்கொள்வதோடு சரி. வாங்கும் பக்கம் அப்படியில்லை. என்ன வரும், எப்போது வரும் என்று தெரியாததால் ஒவ்வொரு சீட்டுக்கும் காலி இடத்தை முதலிலேயே வைத்திருக்க வேண்டும். அங்கே 4096 என்றால் மெகாபைட் கணக்கில் போகும்.

உங்களுக்கு முக்கியம் காத்திருக்கும் நேரம். 1500 பைட் பாக்கெட்டாக 255 நிறைந்து நின்றால், நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் அது கரைய ஏறத்தாழ 30 மில்லிநொடி. 4096 நின்றால் அரை நொடி! அதற்குப் பின்னால் வரும் எடைக் கணக்கும் அவ்வளவு நேரம் நிற்க வேண்டும். ரிங்கை நீட்டினால் நீளுவது வரிசை மட்டுமே. வாசல் அதே அகலம்தான். நல்லவேளையாக லினக்ஸ் 3.3 முதல், அதாவது 2012 முதல், ரிங்கில் எத்தனை பைட் நிற்கலாம் என்பதை அளந்து விடும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் டிரைவர் அதைப் பயன்படுத்துகிறது. ஆக, 4096 ஆக்கினால் பெரும்பாலும் அந்த இடங்கள் சும்மா கிடக்கும்.

எட்டு ஏன் நான்கானது? டிரைவர் ஏறும்போது கார்டு தாங்கும் 8 வரிசைக்கும் கணக்கு வைத்துக்கொண்டு, கணினியில் எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனையை மட்டும் இயக்கும். உங்களுடையது நான்கு கோர் பெட்டியாக இருக்கும். கோருக்கு ஒரு வரிசை என்றால், ஒரே ரிங்கில் எழுத முறை வரட்டும் என்று ஒரு கோர் இன்னொன்றுக்காகக் காத்திருக்காது. ரிங்குக்கான நினைவகம் அந்தக் கட்டத்தில் ஒதுக்கப்படாது, போர்ட்டை 'அப்' செய்யும்போது, அதாவது இயக்கிவிடும்போதுதான்.

பழைய நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கும் என்று நினைக்கிறேன். ஈத்டூலுக்குப் போர்ட் பெயரை மட்டும் கொடுத்து ஸ்பீட் வரியைப் பாருங்கள். 100 என்றிருந்தால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ போனால் 100-க்கு இறங்கிவிடலாம். ஆலைகளில் எலி கடித்த கேபிளை நான் அடிக்கடி பார்க்கிறேன். வெளியே ஒரு கீறல்தான் தெரியும், உள்ளே பழுப்பு ஜோடி அறுந்திருக்கும். 1000 என்றிருந்தால் நெரிசல் பெரும்பாலும் ஸ்விட்சில், கார்டில் எதை மாற்றியும் பயனிருக்காது. இரண்டில் எதுவானாலும், உங்களிடம் நான்கு போர்ட் இருக்கிறதே! கேமரா பெட்டியைத் தனிப் போர்ட்டில் நேராக மாட்டி, அதற்குத் தனி ஐபி வரம்பு கொடுங்கள். எடைத் திரையின் வழியில் அது குறுக்கிடவே செய்யாது.

மாற்றித்தான் பார்ப்பேன் என்றால் ஈத்டூலில் ஆங்கிலச் சின்ன எழுத்து 'ஜி' ரிங்கின் அளவைப் பார்க்க, பெரிய எழுத்து 'ஜி' மாற்ற. 500 கொடுத்தால் 504 ஆகும்: ரிங்கின் நீளம் 128 பைட்டின் மடங்காக இருக்க வேண்டும், அதாவது எட்டு எட்டுச் சீட்டாக. டிரைவர் முதலில் புது ரிங்குக்கு இடம் பிடித்துவிட்டுத்தான் பழையதை விடும். இடம் கிடைக்காவிட்டால் பழையதே தொடரும். ஆனால் மாற்றும்போது போர்ட் ஒரு கணம் விழுந்து எழும். லோரி வரிசை கட்டி நிற்கும் நேரத்தில் வேண்டாம்.

கேள்வி: என் வீட்டுக் கணினியில் ரியல்டெக் கார்டு. பெரிய 'ஜி' போட்டால் ஆதரவில்லை என்று வருகிறது. டிரைவரை மாற்றலாமா?

பதில்: தேவையில்லை அம்மா. லினக்ஸில் அந்த ஆர்8169 டிரைவர் ரிங்கின் அளவை நிரலிலேயே நிலையாக எழுதி வைத்திருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு அது தாராளம்.

கேள்வி: 'டிரான்ஸ்மிட் கியூ 0 டைம்டு அவுட்' என்று பதிவில் வருகிறது. ரிங் சிறிதாக இருப்பதாலா?

பதில்: இல்லை. வரிசையை டிரைவர் நிறுத்தியிருக்கிறது, 'முடிந்தது' என்ற குறி வராததால் வழக்கமான 5 நொடிக் கெடுவுக்குள் திரும்ப எழுப்பவில்லை. கார்டு உறைந்திருக்கலாம், இண்டரப்ட் (வேலை முடிந்ததென்று கார்டு தரும் சைகை) தவறியிருக்கலாம், மின் சிக்கன அமைப்பு தூங்க வைத்திருக்கலாம். முதலில் மின் சிக்கனத்தை அணைத்துப் பாருங்கள். மாலை இடிமழைக்குப் பிறகு தொடங்கியது என்றால் கார்டை மாற்றிவிடுங்கள்.