வீடு என்று பிளான் வாங்கி மெஸ் நடத்தலாமா?

கேள்வி: ஐயா, எங்களுக்கு 2,000 சதுர அடி மனை இருக்கிறது. மேலே வீடு, கீழே சின்னதாக ஒரு மெஸ் வைக்க ஆசை. "சுயசான்றில் வீடு என்று போட்டு பிளான் வாங்கிடுவோம், மெஸ்ஸை அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார் இன்ஜினியர். செய்யலாமா?
– வாசகி, வில்லாபுரம்

பதில்: வேண்டாம்மா. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும்தான். 2,500 சதுர அடி வரையுள்ள மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும், அவ்வளவுதான். யாரும் வந்து இடம் பார்க்காமல் ஆன்லைனில் அனுமதி தருகிறார்கள் என்றால் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை நம்பித் தருகிறார்கள். வரைபடத்தில் 'ஹால்' என்று எழுதிய இடத்தில் நாளைக்கு நாலு பெஞ்சும் ஒரு தோசைக்கல்லும் இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான், உங்கள் இன்ஜினியர் அப்போது அடுத்த சைட்டில் இருப்பார்.

நோட்டீஸ், சீல் எல்லாம் பெரிய கட்டடங்களுக்குத்தான் என்று நினைக்காதீர்கள், அனுமதிக்கு மாறாகப் பயன்படுத்தினாலே 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம். அதற்கு முன்னாலேயே ஈபி வந்து நிற்கும். வீட்டு மீட்டரில் மெஸ் கிரைண்டர் ஓடினால் மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்படி அந்தப் பயன்பாட்டுக்குரிய கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு போடுவார்கள், எப்போது ஆரம்பித்தது என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்து.

முதலில் உங்கள் சர்வே எண் முழுமைத் திட்டத்தில் (ஊரில் எந்த இடம் எதற்கு என்று வகுத்திருக்கும் மாஸ்டர் பிளான்) எந்த உபயோகப் பகுதியில் வருகிறது என்று பாருங்கள். மெஸ்ஸுக்கு இடம் கொடுக்கிற பகுதி என்றால் 'கீழே கடை, மேலே வீடு' என்றே சாதாரண முறையில் விண்ணப்பியுங்கள். பார்க்கிங்குக்கும் கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலி இடத்துக்கும் கொஞ்சம் மனை போகும், போகட்டும். இடம் கொடுக்காத பகுதி என்றால் நில உபயோக மாற்றம் கேட்க வேண்டும், அது சட்டென்று நடக்கிற காரியமில்லை. அந்த நிலையில் மெஸ்ஸுக்கு வேறு இடம் வாடகைக்குப் பார்ப்பதுதான் என் யோசனை.

கேள்வி: சிம்மக்கல்லில் பழைய வீட்டை இடித்துவிட்டு நாலு மாடி லாட்ஜ் கட்டலாமா? பக்கத்தில் கட்டியிருக்கிறார்களே?
– வாசகர், சிம்மக்கல்

பதில்: கூடாது. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் உயர்த்த முடியாது. தரைத்தளமும் இரண்டு மாடியும் வந்தாலே கிட்டத்தட்ட முடிந்துவிடும். பக்கத்துக்காரர் கட்டியது உங்களுக்கு அனுமதி ஆகாது. அப்படி உயர்ந்த கட்டடங்கள் பற்றி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்குப் போயிருக்கிறது.

கேள்வி: ஊமச்சிகுளம் பக்கம் ஒரு புது லே-அவுட்டில் மனை பார்த்திருக்கிறோம், 'பஞ்சாயத்து அப்ரூவல்' இருக்கிறதாம். வாங்கலாமா?
– வாசகர், தல்லாகுளம்

பதில்: மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும், பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் அதற்கு ஈடாகாது. 2016 அக்டோபர் 20க்கு முன்பு பத்திரம் பதிவான, அனுமதியில்லாத மனைகளை வரன்முறைப்படுத்தத்தான் 2017இல் விதிகள் வந்தன. நீங்கள் பார்த்திருப்பது புது லே-அவுட், ஆகவே அந்தக் கணக்கிலும் வராது. விற்பவரிடம் அனுமதி எண்ணையும் முத்திரையிட்ட வரைபடத்தையும் கேளுங்கள், பூங்காவுக்கு விட்ட இடம் எது என்று நேரில் போய்க் காட்டச் சொல்லுங்கள். "நாளைக்குத் தர்றேன்" என்றால் அட்வான்ஸையும் நாளைக்கே கொடுங்கள்.