லண்டனில் ஹாரி பாட்டர் நடைச் சுற்றுலாவுக்குப் பணம் கொடுத்துப் போகலாமா?

பதினொரு வயது மகளோடு லண்டன் வருவதாகவும், ஹாரி பாட்டர் இடங்களை வழிகாட்டியோடு நடந்து பார்ப்பதா, வரைபடத்தை வைத்துக்கொண்டு நீங்களே சுற்றுவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பணம் கொடுத்தே போங்கள். ஆனால் யாரோடு போகிறீர்கள் என்பதை விசாரித்துவிட்டுப் போங்கள். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை மனசு கசந்து திரும்பினேன். அடுத்த முறை அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போனேன், இன்னும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

முதல் முறை வந்த வழிகாட்டி, நாடக அரங்குகள் இருக்கும் பகுதியில் ஒரு பழைய புத்தகக் கடைச் சந்துக்குக் கூட்டிப்போய், "இதைப் பார்த்துத்தான் ரௌலிங் டயகன் ஆலியை எழுதினார்" என்றார். ரௌலிங் இந்தக் கதைகளை எழுதியவர், டயகன் ஆலி கதையில் வரும் மந்திரவாதிகளின் கடைத்தெரு. பத்து நிமிடம் கழித்து வேறொரு சந்து. அங்கேயும் அதையே சொன்னார். ரௌலிங் எங்கே அப்படிச் சொல்லியிருக்கிறார் என்று கேட்டேன், பதில் வரவில்லை. இந்தப் புத்தகங்களை நான் அவ்வளவு நேசிக்கிறேன், அதனால்தான் அது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. படம் எடுத்த இடம் வேறு, கதையில் பெயரோடு வரும் இடம் வேறு, யாரோ ஊகித்த இடம் வேறு. மூன்றையும் ஒன்றாகக் கலக்கிவிட்டால், வீட்டுக்கு வந்தபின் எதைப் பார்த்தோம் என்றே தெரியாது.

இரண்டாவது சுற்றுலா லெடன்ஹால் சந்தையில் தொடங்கியது. 1881இல் ஹொரேஸ் ஜோன்ஸ் வடிவமைத்த கூரை. டவர் பாலத்தை வடிவமைத்தவரும் அவர்தான். முதல் படத்தில் மந்திரப் பள்ளியில் வேலை பார்க்கும் ஹாக்ரிட்டும் ஹாரியும் பள்ளிக்குச் சாமான் வாங்க நடந்து வருவது இந்தக் கூரைக்குக் கீழேதான். பக்கத்திலேயே புல்ஸ் ஹெட் பாசேஜ் என்று ஒரு குறுகிய வழி, அதில் 42ஆம் எண் கடை. படம் எடுத்தபோது அது மூக்குக் கண்ணாடிக் கடை. அதன் வாசல்தான் படத்தில், டயகன் ஆலிக்குப் போகும் வழியான லீக்கி கால்ட்ரன் விடுதியின் வாசல்.

அக்கா மகள் பார்த்துவிட்டு, "வெறும் கதவுதானே சித்தி" என்றாள். முகம் வாடிவிட்டது. வழிகாட்டி அதைக் கவனித்துவிட்டார். பையிலிருந்து படத்தின் காட்சி ஒன்றை அச்சிட்ட அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்து, அந்தக் கோணம் கிடைக்கும்வரை அவளைப் பின்னால் நகரச் சொன்னார். இரண்டடி, மூன்றடி, கொஞ்சம் இடப்பக்கம். வளைவும் கதவும் அட்டையில் இருந்தபடியே வந்து உட்கார்ந்ததும், "இந்தக் கதவு வரைக்கும்தான் இந்த ஊர்" என்றார். உள்ளே இருக்கும் விடுதியும், செங்கல் சுவர் விலகினால் தெரியும் டயகன் ஆலியும் லண்டனுக்கு வெளியே லீவ்ஸ்டன் படப்பிடிப்புத் தளத்தில் போட்ட செட். அங்கிருந்து கிரிங்காட்ஸ் வங்கிக்குள் நுழைந்தால், அந்தப் பளிங்கு மண்டபம் ஸ்ட்ராண்ட் சாலையில் இருக்கும் ஆஸ்திரேலியா ஹவுஸ். தூதரகக் கட்டடம், நாம் உள்ளே போக முடியாது. திரையில் ஹாரி அடுத்தடுத்து நடந்து போகும் அந்தக் கொஞ்ச தூரம் நிஜத்தில் மூன்று வெவ்வேறு இடங்கள். அவள் கதவில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். வரைபடம் என்னை அந்தக் கதவு வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கும், இதைச் சொல்லியிருக்காது.

அப்புறம் லண்டன் பாலத்தைக் கடந்து பரோ சந்தை. ஸ்டோனி தெருவில், ரயில் பாலத்துக்கு அடியில் நின்று, "இதுவும் லீக்கி கால்ட்ரன்தான்" என்றார். இவளுக்குக் குழப்பம், அந்தக் கதவு ஆற்றைத் தாண்டி இங்கே எப்படி வந்தது என்று. மூன்றாவது படத்துக்கு இயக்குநர் மாறினார், கிறிஸ் கொலம்பஸ் போய் அல்ஃபோன்சோ குவாரோன் வந்தார். விடுதியும் இடம் மாறியது. நைட் பஸ் என்ற ஊதா நிற மந்திரப் பேருந்து ஹாரியை இறக்கிவிடுவது இங்கேதான். நாங்கள் நின்றபோது தலைக்கு மேலே ஒரு ரயில் தடதடவென்று போனது, வழிகாட்டி பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்.

அங்கிருந்து ஆற்றோரமாக மேற்கே நடந்தால் மில்லினியம் பாலம். மாந்திரீகம் ஒட்டாத பொது இடம்போலத் தெரியும், எனக்கு மொத்தச் சுற்றுலாவிலும் பிடித்தது இதுதான். 2009இல் வந்த ஆறாவது படத்தின் தொடக்கத்தில் வில்லனின் அடியாட்களான மரண உண்ணிகள் இதை முறுக்கிப் பிய்த்துத் தேம்ஸில் எறிவார்கள். புத்தகத்தில் இந்தப் பாலமே கிடையாது. அதில் உடைவது பிராக்டேல் என்ற கற்பனைப் பாலம். இருக்கவும் முடியாது, அந்தக் கதை நடப்பது 1996இல், இந்தப் பாலம் திறந்தது 2000 ஜூனில். திறந்த அன்றே ஆடத் தொடங்கியது. கூட்டம் நடக்க நடக்க பாலம் லேசாகப் பக்கவாட்டில் அசைந்திருக்கிறது. விழாமல் இருக்க மக்கள் அந்த அசைவுக்கு ஏற்ப அடி வைக்க, எல்லார் அடியும் ஒன்றுசேர்ந்து ஆட்டத்தைக் கூட்டிவிட்டது. இரண்டே நாளில் மூடி, அதிர்வைத் தணிக்கும் கருவிகள் பொருத்தி 2002இல்தான் மறுபடி திறந்தார்கள். இதைக் கேட்ட பிறகு அந்தக் காட்சியைப் பாருங்கள், உடம்பு சிலிர்க்கும்.

அதே பாலத்தில் குனிந்து பார்க்கவும் மகளுக்குச் சொல்லுங்கள். அலுமினியத் தரையின் வரிகளுக்குள் யாரோ துப்பிய சூயிங்கம் அப்பிக் கிடக்கும். அதன்மேல் பென் வில்சன் என்ற ஓவியர் நகத்தளவு படங்கள் வரைந்திருக்கிறார். அக்கா மகள் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஹாரி பாட்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, வழிகாட்டி அதையும் நேர்மையாகச் சொல்லிவிட்டுத்தான் காட்டினார்.

பாலத்தின் மறுமுனையில் செயின்ட் பால்ஸ் தேவாலயம். அதன் தென்மேற்குக் கோபுரத்துக்குள் இருக்கும் சுழல் படிக்கட்டு மூன்றாவது படத்தில் வருகிறது. தேவாலயத்துக்குத் தனிக் கட்டணம் என்பதால் வெளியே நின்று கோபுரத்தைக் காட்டியதோடு சரி.

கிங்ஸ் கிராஸுக்கு வழிகாட்டி தேவையில்லை. சுவருக்குள் பாதி போன தள்ளுவண்டியும், கதையில் பள்ளி ரயில் கிளம்பும் ஒன்பதேமுக்காலாம் நடைமேடையின் பலகையும் நிலையத்தின் கூடத்திலேயே இருக்கின்றன. வரிசையில் நிற்க வேண்டும், உங்கள் கைபேசியில் நீங்களே படம் எடுத்துக்கொண்டால் பணம் கிடையாது. படத்தில் அவர்கள் ஓடிப் பாயும் சுவர் 4, 5ஆம் நடைமேடைகளுக்கு நடுவே எடுத்தது. எண்களை எழுதும்போது யூஸ்டன் நிலையத்தை மனதில் வைத்துக் குழம்பிவிட்டதாக ரௌலிங்கே சொல்லியிருக்கிறார். இரண்டாவது படத்தில் கார் பறந்து கிளம்பும்போது பின்னால் தெரியும் சிவப்புச் செங்கல் கட்டடம் பக்கத்து செயின்ட் பாங்க்ரஸ். சாலைக்கு வந்து அண்ணாந்து பார்த்தால் போதும்.

ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். நிறையப் பேர் இந்த நடையையும் லீவ்ஸ்டனில் இருக்கும் வார்னர் ஸ்டுடியோ சுற்றுலாவையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். செட்டுகள், உடைகள் எல்லாம் அங்கேதான். அதற்குச் சீட்டு முன்கூட்டியே வாங்க வேண்டும், வாசலில் கிடைக்காது. யூஸ்டனிலிருந்து ரயிலில் வாட்ஃபர்ட் ஜங்ஷன் போய், அங்கிருந்து பேருந்து. ஒரே நாளில் இரண்டையும் வைத்துக்கொள்ளாதீர்கள், பிள்ளை களைத்துவிடுவாள்.

எடின்பரோவும் போகிறீர்கள் என்றால் அங்கேயும் இதே எச்சரிக்கை. கிரேஃப்ரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் வில்லன் வோல்டமார்ட்டின் இயற்பெயர்போலவே ஒலிக்கும் தாமஸ் ரிடல் என்ற பெயர் செதுக்கிய கல் இருப்பது உண்மை, அவர் இறந்தது 1806இல். ஆனால் ஹாரி பாட்டர் பிறந்த இடம் என்று பெயர் வாங்கிய எலிஃபன்ட் ஹவுஸ் காஃபிக் கடையைப் பற்றி ரௌலிங் 2020இல் தெளிவாகவே சொன்னார்: அங்கே உட்கார்ந்து எழுதியது உண்மை, ஆனால் அங்கே கால் வைப்பதற்குப் பல வருஷம் முன்பே எழுதத் தொடங்கிவிட்டார்.

பதிவு செய்யும் முன் ஒரே ஒரு கேள்வி அனுப்பிப் பாருங்கள்: "உங்கள் பாதையில் எவையெல்லாம் படப்பிடிப்பு நடந்த இடங்கள், எவை ஊகம்?" பிரித்துச் சொல்கிறவரோடு போங்கள். கிளம்புவதற்கு முந்தின வாரம் மகளோடு உட்கார்ந்து முதல் படத்தில் சாமான் வாங்கப் போகும் காட்சி, மூன்றாவது படத்தில் நைட் பஸ், ஆறாவது படத்தின் தொடக்கம், இந்த மூன்றையும் மட்டும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். கதவு இடம் மாறியிருப்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதை அவளே ஸ்டோனி தெருவில் கண்டுபிடிக்கட்டும்.