ரெவிட் ஃபேமிலி கேள்வி-பதில்: பூட்டு, சூத்திரம், காலி ஷெட்யூல்

ரெவிட் என்பது கட்டட மாதிரி செய்யும் மென்பொருள். ஃபேமிலி என்பது ஜன்னல், கதவு போல அதில் திரும்பத் திரும்பப் பயன்படும் பாகம். பாராமீட்டர் அந்தப் பாகத்தின் மாற்றக்கூடிய அளவு அல்லது விவரம். ஷெட்யூல் அவற்றின் பட்டியல்.

ஜன்னல் அகலத்தை 1200-லிருந்து 1500 ஆக்கினால் ‘கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் ஆர் நாட் சாட்டிஸ்ஃபைட்’ (கட்டுப்பாடுகள் பொருந்தவில்லை) என்று வருகிறது. (குழித்துறை)

ஒரே விளிம்பை இரண்டு பேர் பிடித்து இழுக்கிறார்கள். ஃபிரேமின் ஸ்கெட்சுக்குள் பூட்டுப் போட்ட 1200 டைமென்ஷன் ஒன்று ஒளிந்திருக்கும். அதே விளிம்பை அகலப் பாராமீட்டரும் நகர்த்தப் பார்க்கிறது. பிழைப்பெட்டியில் ‘ரிமூவ் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்’ அழுத்தித் தப்பிக்காதீர்கள், தேவையான பூட்டும் சேர்ந்து கழன்றுவிடும். கேன்சல் செய்து, ‘ரிவீல் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்’ போட்டுப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு ஸ்கெட்சாகத் திறந்து வேண்டாத பூட்டை நீக்குங்கள். கோடுகள் ரெஃபரன்ஸ் பிளேனோடு (உருவத்தைக் கட்டிவைக்கும் வழிகாட்டித் தளம்) மட்டும் அலைன் ஆகிப் பூட்டியிருக்க வேண்டும். இடது, நடு, வலது பிளேன்களுக்கு ஒரு ஈக்யூ (சம இடைவெளிக் கட்டுப்பாடு). மொத்த அகலத்துக்கு ஒரே ஒரு லேபிள் (டைமென்ஷனைப் பாராமீட்டரோடு கட்டும் பெயர்).

முதலில் பிளேன், அடுத்து ஃப்ளெக்ஸ் (அளவை மாற்றிச் சோதிப்பது), உருவம் கடைசியில். வெறும் பிளேன்களை 600, 1500, 2400 என்று மாற்றி ஓட்டிப் பார்க்காமல் எக்ஸ்ட்ரூஷன் (ஸ்கெட்சை நீட்டி எடுக்கும் திட உருவம்) போடவே கூடாது.

ஒரு ஜன்னலின் சில் உயரத்தை (தரையிலிருந்து ஜன்னலின் அடி வரை) மாற்றினால் வீட்டிலுள்ள எல்லா ஜன்னலும் மாறுகிறது. (செங்கோட்டை)

டைப் பாராமீட்டராக (அந்த வகை முழுவதற்கும் ஒரே மதிப்பு) வைத்திருக்கிறீர்கள். இன்ஸ்டன்ஸ் (ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பு) ஆக்குங்கள்.

ஃபேமிலி வேலை செய்யவில்லை. அவசரம், உதவவும். (பொள்ளாச்சி)

எந்தப் பதிப்பு, எந்த டெம்ப்ளேட், பிழைச்செய்தியின் முழு வாசகம் என்ன? இந்த மூன்றும் இல்லாத கடிதத்துக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

ஜன்னல் கம்பி எண்ணிக்கைக்குச் சூத்திரம் எழுதினால் ‘இன்கன்சிஸ்டன்ட் யூனிட்ஸ்’ (அலகுகள் பொருந்தவில்லை) என்று வருகிறது. (கம்பம்)

உள்ளகலத்தை வெறும் 100-ஆல் வகுத்தால் விடையும் நீளமாகவே இருக்கும், எண்ணிக்கை ஆகாது. 100 மிமீ என்று அலகோடு வகுங்கள். ரவுண்டப் செய்து ஒன்றைக் கழித்தால் கம்பி எண்ணிக்கை. 1500 ஜன்னலில் இருபக்கமும் 75 ஃபிரேம் போனால் 1350. 14 இடைவெளி, 13 கம்பி, இடைவெளி சுமார் 96. 300 மிமீ வென்டிலேட்டரில் இதே சூத்திரம் 1 கம்பி தரும். பழைய பதிப்புகளில் அர்ரே (ஒரே பொருளை வரிசையாக அடுக்கும் கருவி) 2-க்குக் கீழே இறங்காமல் அங்கே உடையும். அர்ரே எண்ணிக்கை 2-க்குக் குறையாதபடி ‘இஃப்’ போடுங்கள். ஒற்றைக் கம்பியைத் தனியாக வைத்து, விசிபிலிட்டியை யெஸ்-நோ பாராமீட்டரில் கட்டுங்கள். பாராமீட்டர் பெயரில் கழித்தல் குறி வேண்டாம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் சூத்திரத்தில் உண்டு.

திருவனந்தபுரம் அலுவலகம் அனுப்பிய ஜன்னல்களுக்கு ஷெட்யூலில் ‘சன்ஷேடு நீட்டம்’ காலியாக வருகிறது. எங்கள் ஜன்னல்களுக்குச் சரியாக வருகிறது. பெயர் ஒன்றுதானே? (மார்த்தாண்டம்)

பெயர் ஒன்று, ஜியூஐடி (தனி அடையாள எண்) வேறு. ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தாலும் ரேஷன் கார்டு எண் வேறுதானே? ரெவிட் அந்த எண்ணைத்தான் பார்க்கிறது. ஷேர்ட் பாராமீட்டரை (பல ஃபேமிலிகளுக்குப் பொதுவாக ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வைக்கும் பாராமீட்டர்) உருவாக்கும்போது பிறக்கும் எண் அது. அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்கினாலும் புது எண்தான் வரும்.

இதை எத்தனை முறை எழுதினாலும் அலுவலகங்கள் கேட்பதில்லை. மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் படம், அந்தப் பக்கம் ஸ்ட்ரக்சர் என்று வேலையைப் பிரிக்கிறார்கள். பாராமீட்டர் ஃபைலை மட்டும் ஆளுக்கொன்றாகப் புதிதாக உருவாக்குகிறார்கள். கடைசியில் அளவுப் பட்டியல் பாதி காலியாகக் கான்ட்ராக்டர் கைக்குப் போகிறது. சன்ஷேடு கான்கிரீட் கணக்கில் விட்டுப்போகிறது. வேலை தொடங்கும் நாளிலேயே ஒரே டெக்ஸ்ட் ஃபைலை இரு பக்கமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் அதில் சேர்க்கட்டும், மற்றவர்களுக்கு ரீட்-ஒன்லி. நோட்பேடில் திறந்து கையால் திருத்தவே வேண்டாம்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: வந்த ஃபேமிலியைத் திறந்து, ஃபேமிலி டைப்ஸில் அந்தப் பாராமீட்டரை வேறு பெயரில் சாதாரண ஃபேமிலி பாராமீட்டராக மாற்றுங்கள். பிறகு அதையே உங்கள் ஃபைலிலுள்ள ஷேர்ட் பாராமீட்டராக மாற்றுங்கள். மதிப்பும் சூத்திரமும் அப்படியே இருக்கும். லோடு செய்யும்போது ‘ஓவர்ரைட்’ கொடுங்கள். டேக் ஃபேமிலியிலும் (படத்தில் விவரத்தைக் காட்டும் குறிச்சீட்டு) அதே ஃபைலிலிருந்து எடுத்த பாராமீட்டர்தான் இருக்க வேண்டும்.

2025-இல் செய்த ஃபேமிலியை 2023-இல் திறப்பது எப்படி? (களியக்காவிளை)

முடியாது. ஃபேமிலியைப் பழைய பதிப்பிலேயே செய்யுங்கள்.

ஓட்டுக் கூரைக்கு ஒவ்வொரு ஓடும் ஃபேமிலியாக வைத்தேன். ஃபைல் நகரவே மாட்டேன் என்கிறது. (கொழிஞ்சாம்பாறை)

மங்களூர் ஓடு சதுர மீட்டருக்குச் சுமார் 15. நூறு சதுர மீட்டர் கூரைக்கு 1500 ஓடு. ஒவ்வொன்றிலும் வளைவும் பள்ளமும். கேட் (CAD) மென்பொருளில் வரைந்ததை உள்ளே இம்போர்ட் செய்து எக்ஸ்ப்ளோடும் செய்திருப்பீர்கள், சுமார் 0.8 மிமீக்குக் குறைந்த கோடுகளுக்கு ‘லைன் இஸ் டூ ஷார்ட்’ வந்திருக்கும். கூரைக்குச் சாதாரண ரூஃப் போட்டு, மெட்டீரியலில் ஓட்டு பேட்டர்ன் கொடுங்கள். இறவாணத்தின் விளிம்பு வரிசை, மோட்டு ஓடு இரண்டை மட்டும் ஃபேமிலியாக்குங்கள். அதற்கும் பிளேன் முதலில்.