திருகோணமலையில் வளர்ந்த ஒருவர் லடாக்கில் உள்ள திராஸுக்குப் போய்வர முடியுமா? அந்தக் குளிரைத் தாங்கலாமா?

தாராளமாக. நான் திருகோணமலை உப்புவெளிக்காரன், போய்த் தங்கி வந்திருக்கிறேன். ஜூனுக்கும் செப்டம்பருக்கும் இடையில் போங்கள். இங்கே கச்சான் காற்று அனலாக அடிக்கிற மாதங்களில்தான் அங்கே பாதை ஒழுங்காகத் திறந்திருக்கும்.

உலகில் மக்கள் வாழும் இடங்களில் இரண்டாவது குளிரான ஊர் இது என்று அங்கே பலகையே வைத்திருக்கிறார்கள். 1995 ஜனவரியில் மைனஸ் 60 வரை இறங்கியது என்ற கதையும் உண்டு. அந்த இரண்டாம் இடத்தை நான் நம்பவில்லை. சைபீரியாவில் யாகுட்ஸ்க் என்ற பெரிய நகரத்துக்கு ஜனவரிச் சராசரியே மைனஸ் 35க்குக் கீழே. திராஸில் ஜனவரி இரவு மைனஸ் 20ஐ ஒட்டி இருக்கும். நுவரெலியாவில் புல்லில் உறைபனி படிந்தாலே படம் எடுத்துப் போடுகிற நமக்கு அதுவே அதிகம். ஜூலையில் பகலில் 20 பாகைக்கு மேல், இரவில் 10 பாகை அளவு. நல்ல ஜக்கெட், கம்பளித் தொப்பி, தடித்த காலுறை இருந்தால் சமாளிக்கலாம்.

இவ்வளவு குளிர் ஏன் என்றால், லடாக்கின் மற்றப் பகுதிகளுக்கு மழைமேகத்தை இமயமலை மறித்துவிடுகிறது. திராஸுக்கு மேற்கே ஸோஜி லா கணவாயில் மட்டும் மலை தாழ்ந்திருப்பதால், குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று அந்த வழியே நுழைந்து பனியாகக் கொட்டுகிறது. இரவில் சரிவுகளில் குளிர்கிற காற்று பாரம் கூடி இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கிவிடும். ஊர் அந்த அடியில்தான் இருக்கிறது.

குளிரைவிட உயரத்தைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். நம் நாட்டின் மிக உயர்ந்த மலை பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான். திராஸ் 3,200 மீற்றருக்கு மேல். வழியில் ஏறும் ஸோஜி லா 3,528 மீற்றர். கடல் மட்டத்தில் வாழ்ந்த உடம்புக்குத் தலையிடி, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் வரலாம். ஸ்ரீநகரிலிருந்து ஒரே மூச்சில் போகாமல் வழியில் உள்ள சோனமார்க்கில் ஓர் இரவு தங்கி ஏறுங்கள். மாத்திரை வேண்டுமா என்பதைப் புறப்படுமுன் வைத்தியரிடம் கேளுங்கள். தலையிடி கூடிக்கொண்டே போனால் பிடிவாதம் வேண்டாம், கீழே இறங்கிவிடுங்கள். அப்புறம், தண்ணீர். அங்கே வியர்க்காது, தாகமும் தெரியாது, ஆனால் வறண்ட காற்றில் மூச்சு வழியாகவே உடம்பு நீரை இழக்கும். உதடு வெடிக்கும், வஸலீன் கட்டாயம்.

பெரும்பாலானோர் அங்குள்ள கார்கில் போர் நினைவிடத்தைப் பார்த்துவிட்டு உடனே 60 கிலோமீற்றர் தள்ளியுள்ள கார்கிலுக்குப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து ஓர் இரவாவது திராஸில் தங்குங்கள். கோடை முழுக்க அந்த ஊர் குளிர்காலத்துக்காகவே உழைப்பதைக் காணலாம். புல்லை அறுத்துக் கூரையில் காயப்போடுகிறார்கள், விறகு அடுக்குகிறார்கள், ஆற்றோரத் துண்டு வயல்களில் பார்லி பச்சையாக நிற்கிறது. மொழி ஷினா. ஹிந்தி, உருது தெரிந்தால் பேசலாம். நான் தங்கிய வீட்டுப் பெரியவர் உப்புப் போட்ட தேநீர் ஊற்றித் தந்துவிட்டு, "வீட்டுப் பக்கத்திலேயே கடலா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். போனில் இருந்த, நம் திருகோணமலைச் சுவாமிமலை வீடியோவைக் காட்டினேன். கோணேசர் கோயிலுக்குக் கீழே அலை அடிக்கிற சத்தத்தை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டார். அந்த மாலை எனக்கு மலைகளைவிடப் பெரிது.

நினைவிடம் தோலோலிங் மலையடியில் இருக்கிறது. பாகிஸ்தானுடன் நடந்த 1999 கார்கில் போரில் இந்தியப் படை கடும் சண்டையிட்டு மீட்ட மலை அது. அந்தப் போரில் படாலிக் பகுதியில் இறந்த மேஜர் சரவணன் திருச்சிக்காரர். சுவரில் பொறித்த பெயர்களை வாசித்துக்கொண்டு போகையில் எனக்குப் பேச்சு வரவில்லை. போருக்குள் வளர்ந்தவர்களுக்கு எந்த நாட்டின் பெயர்ப்பட்டியலும் வெறும் பட்டியல் இல்லை. அங்கே போதிய நேரம் கொடுங்கள்.

பயண ஒழுங்கு: இந்திய விசா, கொழும்பிலிருந்து டெல்லி, அங்கிருந்து ஸ்ரீநகருக்கு விமானம், பிறகு வாகனம். சோனமார்க் சுரங்கப்பாதை 2025 ஜனவரியில் திறந்துவிட்டது. ஸோஜி லாவுக்கான சுரங்கம் இன்னும் முடியவில்லை, அதனால் கணவாயின் ஒடுங்கிய மலைப்பாதையில்தான் போக வேண்டும். மண் சரிந்தால் மணிக்கணக்கில் நிற்க நேரிடும். திரும்பும் விமானத்துக்கு முன்னால் ஒரு நாளை வெறுமையாக விட்டு வையுங்கள். சோதனைச் சாவடிகளில் கேட்பார்கள் என்பதால் கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் போடாமல் கையோடு வைத்திருங்கள்.