பறவையைக் காட்டாத பறவைப் படம்: கேள்வி பதில்

பறவை நோக்கர்களைப் பற்றிப் பரிசோதனை ஆவணப்படம் எடுக்கிறோம். ஒரு பறவைகூடத் திரையில் வராது, பார்ப்பவர்கள் மட்டும்தான். 40 நிமிடம் தாங்குமா?

ஒலி சரியாக இருந்தால் தாங்கும். முகத்தில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பழகியவர் பறவை மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பைனாகுலரை முகத்துக்குத் தூக்குவார். புதியவர் குனிந்து பைனாகுலரைப் பார்ப்பார், அதற்குள் பறவை தொலைந்துவிடும். இந்த வேறுபாடு ஓரிரு நொடிதான். கை எழும்பிய பிறகு ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினால் கிடைக்காது. பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய நொடிகளையும் சேர்த்துப் பதியும் வசதி (pre-record) கேமராவில் இருந்தால் 5 நொடிக்கு வைத்துவிடுங்கள். நேர் எதிரே நின்று எடுத்தால் பைனாகுலர் பாதி முகத்தை மறைத்துவிடும். பக்கவாட்டில் 45 பாகையில், சற்றுத் தாழ்வாக நில்லுங்கள். உதடும் தொண்டையும் தெரியும். பைனாகுலர் இறங்கியதும் வெட்டாதீர்கள். குறிப்பேட்டில் எழுதி முடிக்கும்வரை ஷாட் ஓடட்டும்.

பறவைக் குரலுக்கு 55 செ.மீ. பரவளைய டிஷ் (ஒலியை மைக்கில் குவிக்கும் கிண்ணம்) போதுமா?

பெரும்பாலான சிறு பறவைகளுக்குப் போதும். குரல் தாழத் தாழ ஒலியின் அலைநீளம் கூடும். அது டிஷ்ஷின் விட்டத்தைத் தாண்டினால் டிஷ் குவிக்காது. உங்கள் டிஷ்ஷுக்கு அந்த எல்லை ஏறக்குறைய 600 ஹெர்ட்ஸ். பெரிய ஆந்தைகளும் புறாக்களும் அதற்குக் கீழேதான் கூவும். அவற்றுக்கு ஷாட்கன் மைக்கோடு (நேர் எதிரே வரும் ஒலியை எடுக்கும் நீண்ட மைக்) நெருங்கிப் போவதே வழி. மனிதப் பேச்சையும் டிஷ்ஷில் எடுக்காதீர்கள், அடிக்குரல் போய்த் தகரம்போல ஒலிக்கும்.

மரத்தடியில் தனி ரெக்கார்டர் வைத்தோம். டைம்கோடு (கேமராவையும் ரெக்கார்டரையும் ஒத்திசைக்கும் நேரக் குறி) சரியாக இருக்கிறது. ஆனாலும் பறவை கூவியபின் நோக்கர் முகம் தாமதமாகத் திரும்புகிறது. என்ன பிழை?

பிழை இல்லை, தூரம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. நோக்கர் 170 மீட்டர் தள்ளி நின்றால் ரெக்கார்டருக்கு அரை நொடி பின்னால்தான் அவர் காதுக்குக் குரல் எட்டும். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒலியை 12 ஃபிரேம் பின்தள்ளுங்கள். நிற்கும் இடத்தை ஒவ்வொரு முறையும் அடியளந்து குறித்துவைத்தால் எடிட்டிங் மேசையில் தலை நோகாது.

கிசுகிசுப்பு காலர் மைக்கில் விழவில்லையே?

விழுகிறது, ஜாக்கெட் உரசல் அதை விழுங்கிவிடுகிறது. பைனாகுலர் வார் மார்பில் ஆடும் இடத்தில் மைக் வைக்கவே கூடாது. தொப்பி விளிம்பின் உட்புறம் ஒட்டுங்கள். 24 பிட் தரத்தில் பதிந்தால் பின்னால் ஒலியை உயர்த்த இடமிருக்கும்.

பைனாகுலர் வழிப் பார்வைக்கு இரண்டு வட்டம் போட்ட மாஸ்க் (வட்டங்களுக்கு வெளியே திரையைக் கறுப்பாக மறைப்பது) வைக்கலாமா?

வேண்டாம். குழல்களைக் கண்ணிடைவெளிக்குப் பொருத்தினால் தெரிவது ஒரே வட்டம். எட்டு போல் படுத்த அந்த வடிவத்தைப் பார்த்ததும் அரங்கிலிருக்கும் பறவை நோக்கர்கள் சிரித்துவிடுவார்கள்.

ஒலிக்காக, பறவைக் குரல் பதிவுகளைப் பகிரும் சீனோ-கான்டோ (xeno-canto) இணையதளத்திலிருந்து எடுக்கலாமா?

ஒவ்வொரு பதிவுக்கும் உரிமம் தனி. பல பதிவுகளில் வணிகப் பயன்பாட்டுக்குத் தடை இருக்கும். சிலவற்றை மாற்றியமைக்கவும் கூடாது, படத்தோடு இணைப்பதே மாற்றம்தான். பதிவு செய்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, இடத்துக்கும் பருவத்துக்கும் ஒவ்வாத குரல். வலசை வரும் பறவையின் இனப்பெருக்கப் பாட்டைக் குளிர்காலக் காட்சிக்கு அடியில் வைத்தால் சாதாரணப் பார்வையாளருக்குத் தெரியாது. நீங்கள் யாரைப் படமெடுத்தீர்களோ அவர்களுக்கு உடனே தெரியும். அப்புறம் படத்தில் எதையும் நம்பமாட்டார்கள்.

பறவையை வரவழைக்கக் குரலை ஒலிக்கவிடலாமா? நோக்கர் முகத்தில் பரபரப்பு வேண்டும்.

கூடு கட்டும் காலத்தில் கூடவே கூடாது. தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக நினைத்துப் பறவை கூட்டை விட்டு அலையும். பரபரப்பு வராத காலை வந்தால் அதையே எடுங்கள். ஒன்றும் வராத 3 மணி நேரக் காத்திருப்பில் தோள் எப்படித் தொய்கிறது, யார் முதலில் தேநீர்க் குடுவையைத் திறக்கிறார் என்பதெல்லாம் இந்தப் படத்துக்குள் வர வேண்டியவைதான்.