ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் கலையைக் குழந்தைகளுக்கு எப்படிக் காட்டுவது?

பூர்வகுடிக் கலையைக் காட்ட ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவுக்குக் குழந்தைகளோடு போகலாம். ஜூலை முதல் ஞாயிறு தொடங்கும் நெய்டாக் வாரத்தில் போனால் இன்னும் நல்லது, பூர்வகுடிப் பண்பாட்டைக் கொண்டாடும் வாரம் அது.

ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் முதலில் 'பூர்வகுடி நினைவகம்' என்ற படைப்பு இருக்கும் இடத்துக்குப் போங்கள். கரையான் அரித்து உள்ளே கூடான 200 மரத்தண்டுகள் வண்ணம் தீட்டப்பட்டு நிற்கும். இறந்தவர்களின் எலும்பை வைக்கப் பூர்வகுடிகள் வழக்கமாகச் செய்யும் தண்டுகளின் வடிவம் இது. 1788 முதல் 1988 வரை, ஆங்கிலேயர் குடியேற்றத்தின் ஆண்டுக்கு ஒன்றாக, தங்கள் நிலத்தைக் காத்து மாண்ட பூர்வகுடிகளுக்காக, வட ஆஸ்திரேலியாவின் ராமிங்கினிங் பகுதிக் கலைஞர்கள் செய்தது. தண்டுகளின் நடுவே போகும் பாதை அந்தப் பகுதியின் கிளைட் ஆற்றைக் குறிக்கிறது, எந்தக் குலம் ஆற்றில் எங்கே வாழ்கிறதோ அங்கேதான் அவர்கள் தண்டும் நிற்கிறது. இதைச் சொல்லிவிட்டுக் குழந்தைகளை மெதுவாக நடக்க விடுங்கள், சாவைப் பற்றிக் கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

அப்புறம் வீட்டில் வரையும்போது தண்டுகளில் தீட்டிய கோலங்களைப் பார்த்துப் போட வேண்டாம். அவை அந்தந்தக் குலத்துக்கு உரியவை. உங்கள் ஊர் ஆற்றை வரைந்து, கரையில் எந்தச் சொந்தக்காரர் எங்கே இருக்கிறார் என்று குறிக்கச் சொல்லுங்கள்.